அலாய் வீலுக்கு மாதாமாதம் மெட்டல் பாலிஷ் போடலாமா?

நாலுசக்கரம்:
அலாய் வீலுக்கு மெட்டல் பாலிஷ் போடவே கூடாது என்று இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று வருடமாக மாதம் ஒருமுறை போடுகிறேன், கண்ணாடி மாதிரி இருக்கிறது. டேஷ்போர்டுக்கும் சிலிக்கான் பாலிஷ்தான். இதில் என்ன தப்பு?

கராஜ்குருவி:
நான்தான் அதைச் சொன்னது. முதலில் ஒன்று செய்து பாருங்கள். வீலை நன்றாகக் கழுவிவிட்டு, வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்தால் அது பூச்சில்லாத வெறும் அலுமினியம். கறுக்கவில்லை என்றால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது, நீங்கள் மாதாமாதம் தேய்த்து எடுப்பது அந்தக் கோட்டைத்தான். பாலிஷில் இருப்பது நுண்ணிய தேய்ப்புப் பொடி. பூச்சு ஓரிடத்தில் திறந்துகொண்டால் போதும், ஈரமும் உப்பும் அடியில் புகுந்து, புழு ஊர்ந்த தடம் போல அரிப்பு பரவும். அப்புறம் பழைய பூச்சை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

நாலுசக்கரம்:
சரி, பிரேக் தூசிக்கு என்ன செய்வது? சோப்புத் தண்ணீருக்கு அசையவே மாட்டேன் என்கிறது. ஆசிட் கிளீனர் அடித்தால் உடனே போகிறது, அதையும் வேண்டாம் என்பீர்களா?

கராஜ்குருவி:
கண்டிப்பாக வேண்டாம். பூச்சில் சின்னக் கீறல் இருந்தாலும் ஆசிட் உள்ளே இறங்கி அலுமினியத்தை அரிக்கும். தூசியில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கிலிருந்தும் அதை அழுத்தும் பேடிலிருந்தும் தேய்ந்து வரும் இரும்புத் துகள். சூட்டோடு வந்து பதிந்து, அங்கேயே துருப்பிடிக்கிறது. அதற்கென்றே அயர்ன் ரிமூவர் இருக்கிறது. அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக வழியும், வேலை நடப்பது கண்ணுக்கே தெரியும். வீல் ஆறிய பிறகுதான் அடிக்க வேண்டும், காயும் முன் கழுவிவிட வேண்டும்.

பழையவண்டி:
குருவி, "போடவே கூடாது" என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் வண்டியில் பூச்சில்லாத பாலிஷ் அலுமினிய வீல். சும்மா விட்டால் மங்கிவிடும், பாலிஷ் இல்லாமல் வழியே இல்லை. ஆனால் பாலிஷோடு நிறுத்தினால் மறுபடி மங்கும், மேலே சீலண்ட், அதாவது காற்றும் ஈரமும் படாமல் மூடும் பூச்சு போட்டே ஆக வேண்டும். கார்னோபா என்ற தாவர மெழுகு 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே உருகிவிடும். பிரேக் சூட்டுக்குப் பக்கத்தில் அது நிற்காது, சூடு தாங்கும் செராமிக் வகைதான் நிற்கும்.

கராஜ்குருவி:
சரி, என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். கிளியர் கோட் உள்ள வீலுக்கு மெட்டல் பாலிஷ் கூடாது.

நாலுசக்கரம் அண்ணா, டேஷ்போர்டுக்கு வருகிறேன். எண்ணெய் மினுமினுப்பு வெயிலில் முன்கண்ணாடியில் அப்படியே பிரதிபலிக்கும், எதிரே வருவது மறையும். தூசியும் ஒட்டும். பளபளப்பும் பாதுகாப்பும் ஒன்று என்று நினைக்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும், தண்ணீர் அடிப்படையிலான மேட் டிரெஸ்ஸிங் (மினுக்காத பூச்சு) போதும். அதைத் துணியில் எடுத்துத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் மட்டும் எதையும் பூசாதீர்கள், வழுக்கினால் உயிருக்கே ஆபத்து.

பழையவண்டி:
உள்ளே கறுப்புப் பளபள டிரிம் (அலங்காரப் பட்டை) இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த துணியால் தூசி தட்டினாலே கோடு விழும். நீர் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் அழுத்தாமல் எடுக்க வேண்டும்.

நாலுசக்கரம்:
இன்று காலை தேய்த்துப் பார்த்தேன். ஸ்போக்கில் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கைகளில்) துணி வெள்ளையாகவே இருந்தது. விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. மூன்று வீலில் அப்படித்தான்.

கராஜ்குருவி:
அந்த விரல் அகலத்தில் கோட் போய்விட்டது. அரிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் நல்ல நேரம். எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்து, உடனே சீலண்ட் போட்டு வையுங்கள். அது தற்காலிகம்தான், மழைக்காலத்துக்கு முன் மறுபூச்சு கொடுத்துவிடுங்கள்.

நாலுசக்கரம்:
செய்கிறேன் குருவி. பாலிஷ் டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் டேஷ்போர்டு விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. கண்ணாடி ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் மினுமினுப்பாகவே வைத்துக்கொள்வேன்.