அப்டேட்: கால் உடைஞ்சு கெடந்தவன் இப்போ எப்படி இருக்கேன்

லாரில இருந்து விழுந்து தொடை எலும்பு உடைஞ்சு செங்கோட்டை வீட்லயே கெடக்கேன், பொழப்பே நின்னுபோச்சுன்னு முன்ன பொலம்பியிருந்தேன்ல, அதுக்குத்தான் இந்த அப்டேட். வாக்கர விட்டாச்சு, இப்போ ஸ்டிக்தான்.

ஆனா நெஜ மாற்றம் உள்ள. புளியரை செக்போஸ்ட் தாண்டி புனலூருக்கு காய்கறி லோடு கொண்டுபோறப்ப ஆரியங்காவு ஐயப்பன் கோயில் வந்தா ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டே ஒரு கும்பிடு, அவ்ளோதான் என் பக்தி. படுக்கைல கெடந்தப்போ பக்கத்துவீட்டு ஆச்சி தெனமும் சாயங்காலம் வந்து நெத்தில திருநீறு பூசி, "எய்யா, ஐயப்பன்கிட்ட ஏன் எனக்குன்னு கேக்காத, சும்மா பேசு"ன்னாவ. பேசுனேன். மொதல்ல அழுகை, அப்புறம் மாத்திரை இல்லாமலே தூக்கம். வீட்ல யார்ட்டயும் எரிஞ்சு விழுறதும் கொறஞ்சிருக்கு, எம்பொண்ணே சொல்லுதா.

மார்கழில ஆரியங்காவு கோயில்ல ஐயப்பனுக்கும் புஷ்கலா தேவிக்கும் திருக்கல்யாணம், மதுரைல இருந்து சௌராஷ்டிரா மக்கள் பொண்ணு வீட்டுக்காரங்களா வருவாங்க. டாக்டர் சரின்னா ஆச்சியையும் கூட்டிட்டு குடும்பத்தோட போறோம்.