சாளை (தோட்டத்து வீடு) சொந்தங்கள் குழு: பன்றிக்குட்டிக்குக் கழிச்சல்

திங்கள்

நான், காலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரியிலிருந்து குட்டிகளுக்குக் கழிச்சல். பதினொன்றில் இரண்டு போய்விட்டன. பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. மஞ்சள் தண்ணீராகப் போகிறது, வாலடி எல்லாம் நனைந்து சிவந்து கிடக்கிறது. யாருக்காவது மருந்து தெரியுமா?

அத்தை (தாராபுரம்), 6.20
ஐயோ சாமி. நேற்றுத்தானே குழுவில் படம் போட்டாய். கண் பட்டுவிட்டது.

மணி மாமா (பெருந்துறை), 6.31
மாப்பிள்ளை, கோழிக்கு வாங்கின கோலிஸ்டின் பவுடர் பழைய டப்பா ஒன்று ஷெட்டில் கிடக்கிறது. பஸ்ஸில் கொடுத்து விடட்டுமா? கலந்து ஊற்று, பொழுதோட நின்றுவிடும்.

கவி (நாமக்கல்), 6.33
மாமா, வேண்டாமுங்க. உணவுக்கு வளர்க்கிற கால்நடைக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. வேறு எதற்கும் அடங்காத கிருமி மனிதருக்கு வந்தால் கடைசியாக எடுக்கிற மருந்து அது.

மணி மாமா, 6.35
அப்படியென்றால் டப்பாவுக்கு என் பேரனைவிட வயது அதிகம் அம்மிணி 😀

கவி, 6.36
அண்ணா, ஊசி ஏதாவது போட்டாயிற்றா?

நான், 6.38
கடையில் கொடுத்ததை மூன்றுக்குப் போட்டேன். மீதி ஆறுக்கும் போடத்தான் கையில் சிரிஞ்சோடு நிற்கிறேன்.

கவி, 6.38
கொஞ்சம் பொறுங்கள்! ஊசி போடாத குட்டியில்தான் மாதிரி எடுக்க வேண்டும். போட்டதில் எடுத்தால் இங்கே எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் ஒன்றுமே முளைக்காமல் போகலாம். இப்போதுதான் கழிய ஆரம்பித்த குட்டியாக இரண்டு மூன்று பாருங்கள். ஆசனவாயில் பஞ்சுக் குச்சி விட்டு எடுக்க வேண்டும், தரையில் கிடப்பதை வழிக்கக் கூடாது. ராசிபுரத்தில் டாக்டரிடம் ஸ்வாப் குழாய் இருக்கும். செத்த குட்டி இன்னும் நாறவில்லை என்றால் அதையும் கவரில் போட்டு ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள். உறைய வைக்க வேண்டாம்.

பெரியப்பா, 6.50
கழிச்சல் என்றால் கழிச்சல்தானே. அதற்கு எதற்கு நாமக்கல் வரைக்கும்?

கவி, 7.05
பெரியப்பா, பார்க்க எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். முதல் மூன்று நாளுக்குள் ரத்தமாகப் போனால் கிளாஸ்ட்ரிடியம் என்கிற பாக்டீரியா என்று சந்தேகப்படுவோம். ஒரு வாரம் தாண்டிய குட்டிக்குக் களிம்பு போல மஞ்சளாகப் போனால் காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். அது பாக்டீரியாவே இல்லை, எத்தனை ஆன்டிபயாட்டிக் போட்டாலும் கேட்காது. ரோட்டா வைரஸும் அப்படித்தான். அண்ணன் சொல்கிறதைப் பார்த்தால் ஈ.கோலி பாக்டீரியா என்று தோன்றுகிறது, ஆனால் தோன்றுகிறதை வைத்து மருந்து போட முடியாதே.

அண்ணா, பையனிடம் லிட்மஸ் தாள் இருந்தால் சிவப்புத் தாளை அந்தக் கழிச்சலில் வைத்துப் பாருங்கள். நீலமாக மாறினால் ஈ.கோலி பக்கம். ரோட்டா என்றால் பெரும்பாலும் புளிப்பாக இருக்கும், மாறாது. இது வெறும் துப்புத்தான்.

நான், 7.24
நீலம். பையன் தாளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறான்.

கவி, 7.26
😀 மாதிரி எடுத்தவுடன் டாக்டர் சொல்கிற வைத்தியத்தைத் தொடங்குங்கள், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கிருமியின் நஞ்சு உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து விடும், குட்டி காய்ந்துதான் சாகிறது. தட்டையான தட்டில் ஓ.ஆர்.எஸ். வையுங்கள். பல்ப் எரியட்டும், தரை காய்ந்து இருக்கட்டும்.

செவ்வாய்

கவி, மாலை 4.40
மெக்கான்கி என்கிற வளர்ப்புத் தட்டில் ரோஸ் நிறத்தில் முளைத்திருக்கிறது. ரத்தம் கலந்த தட்டில் முளைத்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து தெளிவான வட்டம். ஈ.கோலிதான்.

நான், 4.44
அப்புறம் என்ன, மருந்து எழுது.

கவி, 4.52
அவ்வளவு சுலபமில்லை அண்ணா. ஈ.கோலி நல்ல குட்டியின் குடலிலும்தான் இருக்கிறது, நம் குடலிலும் இருக்கிறது. அதில் எந்த வகை என்பதுதான் கேள்வி. கெடுதல் செய்கிற வகைக்கு உடம்பெல்லாம் மெல்லிய இழைகள் இருக்கும். சாளைக்குப் பின்னால் போனால் நாயுருவி வேட்டியில் ஒட்டுமே, அப்படிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதது பாலோடு அடித்துக்கொண்டு போய்விடும். சின்னக் குட்டியில் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 என்று இந்த இழைகளில் சில வகை. பால் மறந்த பிறகு வருவதில் எஃப்4, எஃப்18. அந்த ரத்த வட்டத்தைப் பார்த்தால் எஃப்4 மாதிரி இருக்கிறது. ஒட்டுகிற ஜீனும் நஞ்சு ஜீனும் இருக்கிறதா என்று பிசிஆர் வைக்கிறோம்.

அத்தை, 5.10
நாயுருவி மட்டும் புரிந்தது கண்ணு.

வியாழன்

கவி, மதியம் 1.15
எஃப்4 வந்திருக்கிறது. எல்டி, எஸ்டிபி என்று இரண்டு நஞ்சு ஜீனும் இருக்கின்றன. இன்னொன்று. முளைத்த கிருமி மேல் மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தோம். அந்தக் கடை ஊசி மருந்தின் வில்லையைச் சுற்றி வட்டமே விழவில்லை. விளிம்பு வரை வந்து ஒட்டி வளர்ந்திருக்கிறது. நன்றாகக் கேட்கிற மருந்து எது என்று டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

நான், 1.20
ஊசி போட்ட அந்த மூன்றில் இரண்டு செத்ததன் காரணம் இப்போது தெரிகிறது. கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்கவா முடியும். ஆனால் ஒன்று புரியவில்லை கவி. பக்கத்து அறையில் நாலாம் ஈற்றுப் பன்றி, அதே வாரம் குட்டி போட்டது. அதற்கு ஒன்றுமில்லை.

கவி, 1.24
கழிச்சல் வந்த குட்டிகளின் தாய்க்கு இது தலை ஈற்றா? ஈனுவதற்கு முன்னால் எங்கே இருந்தது?

நான், 1.26
தலை ஈற்றுத்தான். மேற்கே புது ஷெட்டில் இருந்தது. முந்தின நாள்தான் ஓட்டி வந்தேன்.

கவி, 1.31
அதுதான். பன்றிக்கு நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகாது, எல்லாம் சீம்பாலில்தான். அதுவும் முதல் ஒரு நாளுக்குள் குடித்தால்தான் குடல் உள்ளே விடும். இந்த அறையில் இருக்கிற கிருமியைத் தாயே பார்த்ததில்லை, சீம்பாலில் எங்கிருந்து வரும்? அடுத்த தலை ஈற்றை ஐந்தாறு வாரம் முன்பே பழைய பன்றிகள் பக்கத்தில் கொண்டு வந்து விடுங்கள். வெளிநாட்டில் இந்த ஒட்டுகிற இழைகளை வைத்தே சினைப்பன்றிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

நான், 1.40
இன்னொரு சினை அங்கேதான் நிற்கிறது. இரண்டரை மாதம். சாயங்காலம் ஓட்டி வந்துவிடுகிறேன். இப்போது ஏழு குட்டி இருக்கின்றன, ஆறு பால் குடிக்கின்றன.

கவி, 1.42
ஏழாவதை ஒரு பக்கமாக வைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அந்த அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரமாவது காலியாக விட்ட பிறகுதான் அடுத்ததை உள்ளே விட வேண்டும்.

மணி மாமா, 1.50
சுண்ணாம்பு என்னிடம் இரண்டு மூட்டை இருக்கிறது மாப்பிள்ளை. டப்பா இல்லை, சுண்ணாம்புதான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டு வருகிறேன்.