மழை வந்தால் நாறும் காதுகள்: மும்பையிலிருந்து சில அனுபவங்கள்

மாட்டுங்காவிலிருந்து:

மழை தொடங்கிவிட்டது. சொட்டு மருந்து விட்டதும் ஆறிய நாயின் காது மறுபடியும் நாறுகிறது என்று இந்த வாரம் பலர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் லாப்ரடார் செல்லிக்கு இரண்டு வயதில் தொடங்கிய தொல்லையும் இதுதான். இதில் நாய்கள் படும் வேதனையில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செல்லிக்கு முதலில் வந்தது காதுத் தொல்லை இல்லை. ஜூன் பிறந்தால் இரவெல்லாம் பாத விரல்களின் இடுக்கை நக்குவாள். வெளிர் மஞ்சள் முடி எச்சில் பட்டுப் பட்டுத் துருநிறமாகிவிடும். அடுத்து அக்குளும் அடிவயிறும் சிவக்கும். அதற்குப் பிறகுதான் தலையை உதறுவாள். காதில் பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் சேரும். வீட்டருகே ஒரு மருத்துவமனையில் இந்த வரிசையை யாரும் கேட்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் காது மடலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே சொட்டு மருந்தை எழுதித் தந்தார்கள்.

பிறகு பார்த்த மருத்துவர் அம்மையார் முதலில் கருவியை விட்டுச் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். பஞ்சுக் குச்சியில் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தார். சில நிமிட வேலைதான். மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது நுண்ணிய பூஞ்சை, கூட்டம் கூட்டமாக இருந்தது. "காதுக்குள் இருப்பதும் தோல்தானே அம்மா. உடம்பில் இருக்கும் ஒவ்வாமை அங்கேயும் வேலை செய்கிறது" என்றார்.

மலசீசியா நல்ல உடல்நிலையில் உள்ள நாயின் தோலிலும் இருக்கிறது. ஒவ்வாமையால் தோல் வீங்கி, மெழுகு அதிகம் சுரந்து, ஈரமும் தங்கும்போது அது பெருகிவிடுகிறது. நாயின் காதுக் குழாய் 'ட' எழுத்தைப் போல நேராக இறங்கிப் பக்கவாட்டில் மடங்குகிறது. உள்ளே சேர்ந்தது எளிதில் வெளியே வராது. அதன்மேல் மடல் தொங்கி மூடிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். துவைத்த துணி நாள்கணக்கில் காயாத நம் ஊர் மழையில் வீட்டுத் தூசியில் வாழும் மைட் பூச்சிகளும் பெருகுகின்றன. நாய்களின் ஒவ்வாமைக்கு அவை ஒரு முக்கியக் காரணம். சொட்டு மருந்து ஈஸ்ட்டைக் கொல்கிறது. ஈஸ்ட்டை அழைத்து வந்த ஒவ்வாமையைத் தொடுவதில்லை. அதனால்தான் திரும்புகிறது.

நுண்ணோக்கிச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஈஸ்ட்டுக்குப் பூஞ்சை மருந்து வேண்டும். பாக்டீரியாவுக்கு அது போதாது. சூடோமோனாஸ் என்ற கோல் வடிவப் பாக்டீரியா இருந்தால் வலியும் சீழும் கடுமையாக இருக்கும், பல மருந்துகள் அதனிடம் எடுபடாது. செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகள் உள்ளே இறங்கினால் கேட்கும் திறனே போகலாம். ஆகவே பார்க்காமல் மருந்து எழுதினால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்தது, ஒவ்வாமை உணவால் வருகிறதா என்று அறியும் உணவுச் சோதனை. குறைந்தது 8 வாரம் மருத்துவர் சொன்ன ஒரே உணவு. வேறு எதுவும் வாயில் படக்கூடாது. எங்கள் வீட்டில் அசைவம் இல்லை என்பதால் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாகச் சிதைத்துத் தயாரித்த உணவைக் கொடுத்தோம். தினமும் செல்லிக்குத் தயிர் சாதம் பிசைந்து ஊட்டிய என் மாமியாருக்கு அது பெரிய துயரம். ஆனாலும் காரணம் புரிந்ததும் அவரே காவலாக நின்றார். வாட்ச்மேன் அண்ணன் கொடுக்கும் பிஸ்கட், கீழ்வீட்டுப் பாட்டி தரும் ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்தியது அவர்தான். மணமூட்டிய பூச்சி மாத்திரைகூடக் கணக்கில் வரும் என்பதை மறக்காதீர்கள்.

செல்லிக்கு உணவால் மாற்றமில்லை. அப்படியானால் சுற்றுப்புற ஒவ்வாமை என்று முடிவாயிற்று. அது முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்க முடியும். இப்போது மழை மாதங்களில் அரிப்பை அடக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரை, வாரம் ஒருமுறை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு, காது சுத்தம், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைப்பது, இவ்வளவுதான். ஷாம்புவைப் பூசிப் பத்து நிமிடம் விட வேண்டும். உடனே அலசினால் பயனில்லை. சென்ற மழைக்காலம் முழுவதும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

செம்பூரிலிருந்து:

சகோதரி சொன்ன உணவுச் சோதனைதான் எங்கள் காக்கர் ஸ்பேனியலைக் காப்பாற்றியது. அவனுக்கு மழை, வெயில் என்ற பேதமே இல்லை. ஆண்டு முழுவதும் அரிப்பு. ஓரிடத்தில் மாதந்தோறும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். போட்ட மறுநாள் அரிப்பு நிற்கும். கூடவே ஓயாத தாகம், அடக்க முடியாத சிறுநீர், தீராப் பசி. அவன் உடம்பு ஊதிக்கொண்டே போனது. ஏன் அரிக்கிறது என்ற கேள்வியை அங்கே ஒருவரும் எழுப்பவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், கடும் வீக்கத்தில் அதுதான் காதைத் திறக்கும். காரணம் தேடாமல் மாதக்கணக்கில் போடுவதுதான் கொடுமை.

உணவை மாற்றியபின் அரிப்பு மெல்லக் குறைந்தது. பிறகு மருத்துவர் சொற்படி கோழிக்கறியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். சில நாளிலேயே காது சிவந்து சூடேறியது. இந்தத் திரும்பக் கொடுக்கும் படியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் எந்த உணவு குற்றவாளி என்று உறுதியாகத் தெரியாது. நாய்களிடம் அதிகம் காணப்படும் உணவு ஒவ்வாமைகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை முன்னால் நிற்கின்றன. நம்மவர் வீடுகளில் நாய்க்குப் போவது பெரும்பாலும் பாலும் பிஸ்கட்டும் கோழியும்தானே.

தாராவியிலிருந்து:

அண்ணன், அக்கா, தெருநாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சந்தில் மணி என்ற நாய்க்குக் காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டி, தோல் தடித்துப் போனது. ஒவ்வாமை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதைக் கொஞ்சும் பிள்ளைகளின் கையிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அப்படி வந்தால் சொறிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். தோலைச் சுரண்டிப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மணி தேறிவிட்டது.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். பழைய எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ சொறி நாயின் மேல் ஊற்றாதீர்கள், ஊற்ற விடாதீர்கள். நாய் அதை நக்கும். தோல் வழியாகவும் நஞ்சு ஏறும்.

முலுண்டிலிருந்து:

எங்கள் நாய் தலையை உதறி உதறிக் காது மடலில் ரத்தம் கட்டி வீங்கிவிட்டது. மருத்துவர் வடித்துக் கட்டுப் போட்டிருக்கிறார். வீட்டில் காதை எப்படிச் சுத்தம் செய்வது? தேங்காய் எண்ணெய் விடலாமா?

மாட்டுங்காவிலிருந்து:

எண்ணெய் வேண்டாம் தம்பி, மலசீசியா கொழுப்பை உண்டு வளர்வது. ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். புண் ஆறி, மருத்துவர் செவிப்பறையைப் பார்த்து அனுமதித்த பிறகு, நாய்க்கென்றே உள்ள காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியைச் சளசளவென்று சத்தம் கேட்கும்வரை மெதுவாகப் பிசையுங்கள். நாய் தலையை உதறட்டும். வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும். தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ நடை தள்ளாடினாலோ நடுச்செவியோ உட்செவியோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து எழுதியிருந்தால் நாற்றம் போனதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை விடுங்கள், முடிவில் இன்னொரு முறை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.