கூந்தன்குளம் பறவைகள் வீடியோ: படமும் ஒலியும் எங்கே எடுக்கலாம், பெயர் எப்படிப் போடணும்?

நாங்குநேரி டீச்சர்:
வணக்கம். எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க கூந்தன்குளம் பறவைகளைப் பத்தி ஒரு சின்ன வீடியோ செய்யறாங்க. எழுத்தும் குரலும் அவங்களோடது, அருமையா வந்திருக்கு. ஆனா நாரைங்க தூரத்துல நிக்கறதால எங்க போன்ல வெள்ளைப் புள்ளியாத்தான் விழுது. அதனால கூகுள்ல கிடைச்ச படங்களைச் சேர்த்து, கடைசியில "நன்றி: கூகுள்"னு போட்டிருக்காங்க. பள்ளியோட யூடியூப் பக்கத்துல ஏத்தணும். "படிப்புக்குத்தானே, பரவாயில்லை"ங்கறார் சக ஆசிரியர். எனக்கு மனசு ஒப்பலை. முறையா எங்கே எடுக்கலாம்? பறவைச் சத்தமும் இசையும் வேணும்.

கரையோரம்:
டீச்சர், நான் பறவைப் படம் எடுத்து, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தற படத் தொகுப்புத் தளமான விக்கிமீடியா காமன்ஸ்ல போடறவன். பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்தறதுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தோட 52ஆம் பிரிவு இடம் கொடுக்குது. ஆனா யூடியூப் வகுப்பறை இல்லையே, உலகமே பார்க்கும். கூகுளும் அந்தப் படங்களை எடுக்கலை, இருக்கற இடத்தைக் காட்டினதோட சரி.

காமன்ஸ்ல அறிவியல் பெயரை ஆங்கில எழுத்துல அடிச்சுத் தேடுங்க, அப்பதான் நிறையக் கிடைக்கும். மஞ்சள் மூக்கு நாரைக்கு மிக்டீரியா லூகோசெபாலா, வரித்தலை வாத்துக்கு ஆன்சர் இண்டிகஸ். 'வணிகத்துக்குக் கூடாது', 'மாற்றக் கூடாது'ங்கற நிபந்தனை மட்டும் உள்ள படங்களை அங்கே ஏத்துக்கவே மாட்டாங்க. அதனால வெட்டவும் ஒட்டவும் தயங்க வேண்டாம்.

பெயர் போடறது இப்படி: "மஞ்சள் மூக்கு நாரை. படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது". சிசின்னா கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற பொது உரிமம், பிஒய்ன்னா எடுத்தவர் பெயர் போடணும், எஸ்ஏன்னா மாத்தி வெளியிட்டா அதையும் அதே உரிமத்துல கொடுக்கணும். படம் வர்ற இடத்துலயே சின்ன எழுத்துல பெயர் வரட்டும். படத்தோட இணைப்பும் உரிமத்தோட இணைப்பும் வீடியோ விவரப் பகுதியில இருக்கட்டும். ஒரு பிள்ளைகிட்ட நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பதிவிறக்கும்போதே நாலையும் எழுதச் சொல்லுங்க: தலைப்பு, எடுத்தவர், இணைப்பு, உரிமம். அப்புறம் தேடினா ஆள் கிடைக்க மாட்டார்.

விடியறதுக்கு முன்னாடியே கரையில போய் உட்கார்ந்துதான் ஒரு நல்ல படம் கிடைக்குது. காசு வாங்காம கொடுக்கறவங்க எதிர்பார்க்கறது அந்த ஒரு வரியைத்தான். ஒரு பள்ளிக்கூட வீடியோவுல என் பேரைப் பார்த்தா அன்னைக்குப் பூரா எனக்குச் சந்தோஷம்.

ஒலிப்பெட்டி:
சத்தத்துக்குப் பறவைக் குரல் பதிவுகள் இருக்கற சீனோ-கேன்டோ தளம் போங்க. ஒவ்வொரு பதிவுக்கும் எக்ஸ்சின்னு தொடங்கற ஒரு அடையாள எண் இருக்கும், அதையும் எழுதணும். இங்கே உரிமத்தைக் கட்டாயம் பாருங்க. நிறையப் பதிவுகள் என்டி, அதாவது மாற்றக் கூடாது. ஒலியை ஓடற படத்தோட நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது மாற்றம்தான்னு சிசி 4.0 உரிமத்துலயே எழுதியிருக்கு. அதனால என்டி ஒலியை வீடியோவுல சேர்க்க முடியாது. எஸ்ஏ இசையைச் சேர்த்தா மொத்த வீடியோவையும் அதே உரிமத்துல கொடுக்கணும். இசைக்கு ஃப்ரீசவுண்ட்ங்கற ஒலித் தளத்துல சிசி ஜீரோன்னு, அதாவது நிபந்தனையே இல்லாததுன்னு, வடிகட்டித் தேடினா இந்தச் சிக்கலே வராது. பெயர் போடக் கட்டாயமில்லை, இருந்தாலும் போடுங்க.

இன்னொண்ணு, வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரை பெரும்பாலும் குரல் கொடுக்காது, கூட்டுல அலகைத் தட்டும். வேற பறவையோட சத்தத்தை அதுமேல போட்டுடாதீங்க.

நாங்குநேரி டீச்சர்:
ரொம்ப நன்றி சார். நோட்டு இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. எங்க வீடியோவையும் இப்படி மத்த பள்ளிகளுக்குக் கொடுக்கலாமா?

கரையோரம்:
தாராளமா. ஆனா பிள்ளைங்க எழுத்து, குரல், ஓவியம் எல்லாம் அவங்களுக்குச் சொந்தம். பிள்ளைங்ககிட்டயும் பெற்றோர்கிட்டயும் கேட்டுக்குங்க. முழுப் பேருக்குப் பதிலா வகுப்பையும் பள்ளியையும் போட்டா போதும். யூடியூப் அமைப்புல இருக்கற கிரியேட்டிவ் காமன்ஸ் தேர்வு வெறும் பிஒய் மட்டும்தான். உள்ளே பிஒய்-எஸ்ஏ 4.0 இசை இருந்தா அந்தத் தேர்வைத் தொடாம, விவரப் பகுதியில பிஒய்-எஸ்ஏ 4.0ன்னு நீங்களே எழுதிடுங்க.