ரேஞ்ச்ஃபைண்டரில் போலரைசர்: புள்ளி எங்கே நிற்க வேண்டும்?

பிடோக்வாசி:
ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்க்கும் வியூஃபைண்டர் தனி, லென்ஸ் தனி. போலரைசரை (பளபளப்பைக் குறைத்து வானத்தை இருளாக்கும் ஃபில்டர்) எவ்வளவு திருப்பினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே முதலில் ஃபில்டரில் புள்ளி வையுங்கள்.

இதற்குக் காப்பிக்கடை மேசை போதும், எவர்சில்வர் மட்டும் வேண்டாம். உலோகத்தின் பளபளப்பைப் போலரைசர் தொடாது. மேசையில் விழும் வெளிச்சத்தைச் சாய்வாக, தளத்திலிருந்து 35 டிகிரி வாக்கில் பாருங்கள். மரை (லென்ஸில் திருகும் பக்கம்) உங்கள் பக்கம் இருக்கும்படி ஃபில்டரைக் கண்ணருகே பிடித்து, வெளி வளையத்தைத் திருப்புங்கள். பளபளப்பு அணைந்ததும் வளையத்தின் உச்சியில் கரெக்ஷன் பேனாவால் ஒரு புள்ளி, நேர் எதிரே இன்னொன்று. எது மேலே வந்தாலும் சரிதான். போலரைசரில் சர்குலர், லீனியர் என இரண்டு வகை. சர்குலர் வகையை மரை வெளிப்பக்கமாகப் பிடித்தால் நிறம் லேசாக மாறுமே தவிர எதுவும் அணையாது. ஃபில்டர் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது அப்போதுதான்.

லென்ஸில் இறுக மாட்டிய பிறகே புள்ளியை 12 மணி நிலைக்கு, கடிகார முகப்பில் போல உச்சிக்கு, கொண்டுவாருங்கள். சில பழைய லென்ஸ்களில் ஃபோக்கஸ் செய்யும்போது முன்பகுதியும் சேர்ந்து சுற்றும். அவற்றில் ஃபோக்கஸ் முதலில், புள்ளி பிறகு. கேமராவை நெடுக்காகத் திருப்பினால் புள்ளி 3 அல்லது 9 மணிக்குப் போய்விடும். திரும்ப வானத்தின் பக்கம் கொண்டுவர வேண்டும். அதிகம் மறப்பது இதைத்தான்.

ஈசூன் 28எம்எம்:
அண்ணன் சொன்ன 12 மணி நிலை நம்மூர் சிங்கப்பூரின் நண்பகலுக்கு அப்படியே பொருந்தும். இங்கே உச்சிவேளை 1 மணியை ஒட்டி வருகிறது. மார்ச், செப்டம்பரில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். வானம் அதிகம் இருளும் பட்டை சூரியனிலிருந்து 90 டிகிரியில், அதாவது அடிவானத்தைச் சுற்றி நிற்கும். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் தண்ணீரின் மினுமினுப்பும் வானத்தின் வெளுப்பும் ஒரே புள்ளியில் குறையும்.

மாலை 6.30க்குக் கதை மாறும். சூரியன் மேற்கே தாழ்ந்திருக்க, வடக்கோ தெற்கோ பார்த்தால் வானத்துக்குப் புள்ளி 3 மணியில் வேண்டும், தண்ணீருக்கு 12 மணியில். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நான் தண்ணீரைத்தான் எடுப்பேன். மரினா பே கண்ணாடிக் கட்டடங்களுக்கும் புள்ளி 3 மணியில்தான். சுவரை ஒட்டிச் சாய்வாகப் பார்த்தால் பலன் உண்டு, நேர் எதிரே நின்றால் இல்லை. புகைமூட்ட நாளிலும், ஈரப்பதத்தில் வானம் பால்போல் இருக்கும்போதும் வானத்துக்காக மாட்டுவது வீண். இரண்டு ஸ்டாப் நஷ்டம்தான் மிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). மழை விட்ட இலைகளுக்கு மட்டும் எந்த நாளிலும் மாட்டலாம்.

காத்தோங் காரர்:
அந்த இரண்டு ஸ்டாப் பற்றி: இழப்பு ஃபில்டரைப் பொறுத்து ஒன்றரை முதல் 2 வரை. லைக்கா எம்6 லென்ஸ் வழியாக ஒளியை அளப்பதால் எதுவும் மாற்ற வேண்டாம். கேனோனெட் கியூஎல்17 ஜி3யில் மீட்டர் கண் ஃபில்டர் வளையத்துக்குள் இருக்கிறது, அதுவே பார்த்துக்கொள்ளும். சிக்கல் யாஷிகா எலெக்ட்ரோ 35இல்தான். அதன் கண் கேமரா உடலில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் ஃபிலிம் வேக டயலை 100இல் வையுங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் 400க்குத் திருப்புங்கள். லைக்கா எம்3 போல மீட்டரே இல்லாததில் கணக்கு நாமே போட வேண்டும்: 100 ஃபிலிம், நல்ல வெயில், ஷட்டர் 1/125இல் எஃப்16 என்றால் போலரைசரோடு எஃப்8.

பிடோக்வாசி:
லீனியர் போலரைசரை ஒதுக்காதீர்கள். பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி வழியாக அளக்கும் எஸ்எல்ஆர்களில்தான் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராக்கள்) அது மீட்டரை ஏமாற்றும். எம்6 ஷட்டர் திரையின் வெள்ளை வட்டத்திலிருந்து அளப்பதால் பிரச்சினை இல்லை. பெனின்சுலா கேமரா கடைகளில் பழைய 39எம்எம் லீனியர் கிடைத்தால் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் வளையமோ குமிழோ இருந்தால் உள்ளே படலம் பிரிகிறது. விட்டுவிடுங்கள்.