பாவு ஏத்திட்டு வாங்க: பினாங்கு நெசவுக் குழு

*ரேவதி அக்கா, காலை 8:02*
வணக்கம். நம்ம நெசவுச் சந்திப்புக்கு மூணு வாரம்தான் இருக்கு. 8 பேர், ஆளுக்கு ஒண்ணா 8 மேசைத் தறி, எல்லாரும் எல்லாத் தறியிலயும் நெய்யணும். ஒரு தறியில 40 நிமிஷம், அப்புறம் அடுத்த தறி. காலை 10க்கு ஆரம்பிச்சு, இடம் மாற 5 நிமிஷம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டா முடிய 5 ஆயிடும். அதனால வரும்போதே பாவு (தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டற இழை) ஏறி, ரெண்டு அங்குலம் நெய்ஞ்சிருக்கணும். மண்டபத்துல வந்து விழுது (பாவு இழையைக் கண்ணுல வாங்கித் தூக்கற கயிறு) கோத்துக்கலாம்னு யாரும் நினைக்காதீங்க.

*குமார் கே.எல், 8:10*
அக்கா, 2/10 பருத்தி (10ம் நம்பர் நூல் ரெண்டு சேர்த்து முறுக்கினது) 100 கிராம் போதும்தானே?

*தேவன் அண்ணன் பட்டர்வொர்த், 8:19*
போதாது தம்பி. அகலம் 8 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை, 192. ட்வில் (சாய்கோடு விழற நெசவு) நெய்யும்போது ஓரத்து இழை ஊடையில (குறுக்கு நூல்) மாட்டாம நழுவும். அதுக்காக ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இழை, விழுதுல கோக்காம அச்சுல (சீப்பு மாதிரிப் பல் வச்சது) மட்டும் விடணும். மொத்தம் 194.

நீளத்துக்கு, ஆளுக்கு 6 அங்குலத் துணி, 2 அங்குலம் இடைவெளி. 8 பேருக்கு 64. நெசவுச் சுருக்கம் 10 சதவீதம் சேர்த்தா 70. தறியில முன்னயும் பின்னயும் நெய்ய முடியாம நிக்கிறது ஒரு 27. கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் வருது, நீ 3 மீட்டரா ஓட்டு.

194 × 3 = 582 மீட்டர். இந்த நூல் கிலோவுக்கு 8,460 மீட்டர் அளவுக்கு ஓடும். பாவுக்கே 69 கிராம், ஊடைக்கு 30. மிச்சம் 1 கிராம் 😄 ஒரு தார் (ஊடை நூல் சுத்தின குச்சி) சிக்குச்சுன்னா எங்க போவ? 150 வாங்கு.

*குமார் கே.எல், 8:23*
சரிண்ணே. அச்சு 24 நம்பர் வாங்கிட்டேன்.

*தேவன் அண்ணன் பட்டர்வொர்த், 8:25*
எந்தக் கணக்குல 24? ஸ்டாக்போர்ட்ங்கற இங்கிலாந்துக் கணக்குன்னா 2 அங்குலத்துக்கு 24 பல். பல்லுக்கு 2 இழை கோத்தா அங்குலத்துக்கு 24, நமக்குச் சரி. அமெரிக்கக் கடைக் கணக்குன்னா 1 அங்குலத்துக்கே 24 பல். அதுல ரெண்டு ரெண்டா கோத்தா 48 ஆகி, துணி 4 அங்குலத்துல அட்டை மாதிரி நிக்கும்.

*குமார் கே.எல், 8:26*
அமெரிக்கா லா 😭

*தேவன் அண்ணன் பட்டர்வொர்த், 8:31*
பரவாயில்ல, பல்லுக்கு ஒரு இழையா கோத்துடு. ஆனா இடுக்கு சின்னது. முடிச்சு அதைத் தாண்டாது. இழை அறுந்தா பாவு நடுவுல முடிச்சுப் போடாதே. புது இழையை விழுது, அச்சு வழியா கொண்டுவந்து, நெய்ஞ்ச துணியில குண்டூசி குத்தி எட்டு மாதிரி சுத்திடு. பின்னால வாலுக்குச் சின்னதா எடை தொங்கவிடு.

*மீனா ஜெலுத்தோங், 8:40*
என் தறிக்கு 1-2-3-4-3-2 கோர்வைன்னு (எந்தச் சட்டத்து விழுதுல எந்த வரிசையில இழை கோக்கறதுன்னு) அக்கா சொல்லியிருக்காங்க. விழுது தொங்கற சட்டம் நாலு, சட்டத்துக்கு 50 விழுது இருக்கு. 4 × 50 = 200, போதும்ல?

*ரேவதி அக்கா, 8:44*
போதாது மீனா. எல்லாரும் இடறுற இடம் இதான். 6 இழைக்கு ஒரு சுற்று, 192க்கு 32 சுற்று. 1லயும் 4லயும் 32 போதும். 2லயும் 3லயும் 64 வேணும். கோக்கறதுக்கு முன்னாடியே ஓரத்துல இருந்து மாத்திப் போட்டுக்கோ. பாதியில தெரிஞ்சா கயிறுல முடிச்சுப் போட்டு விழுது கட்டறதைத் தவிர வழியில்ல, பத்துப் பன்னெண்டு கட்டினா கண்ணு பூத்துடும்.

*மீனா ஜெலுத்தோங், 8:46*
நல்லவேளை கேட்டேன் 🙏 கஞ்சி போடணுமா?

*தேவன் அண்ணன் பட்டர்வொர்த், 8:52*
ரெண்டு இழை முறுக்கின நூலுக்கு வேணாம். ஒத்தை இழைக்குத்தான் கஞ்சி. நம்ம ஊர் ஈரத்துல அரிசிக் கஞ்சி போட்டு மூணு வாரம் வச்சா பூஞ்சைதான் மிஞ்சும்.

பாவு உருளையில சுத்தும்போது ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல கெட்டிக் காகிதம் வைங்க, பாவை விட ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் அகலமா. வைக்கலன்னா மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள இறங்கிடும். முதல் ஒண்ணு ரெண்டு பேருக்கு ஒழுங்கா ஓடும், அப்புறம் சில இழை தொளதொள, சில இழை விறைப்பு. திட்டு தறிக்காரருக்குத்தான் விழும். செய்தித்தாள் வேணாம், மை ஒட்டும்.

*குமார் கே.எல், 9:05*
தறியைக் கார்ல கொண்டு வர்றேன். பட்டர்வொர்த்ல ஃபெரி ஏறிடலாமா?

*ரேவதி அக்கா, 9:07*
இப்போ ஓடற ஃபெரியில கார் ஏறாது, ஆளும் ரெண்டு சக்கர வண்டியும்தான். பாலத்துல வா. கிளம்பும்போது பாவைக் கொஞ்சம் தளர்த்து. அச்சுப் பலகையைத் தறிச் சட்டத்தோட கட்டு. குறுக்குக் குச்சி ரெண்டையும் ரெண்டு முனையிலயும் சேர்த்துக் கட்டு. அது வழுக்கி விழுந்தா இழை வரிசை போச்சு.

*தேவன் அண்ணன் பட்டர்வொர்த், 9:11*
இரும்பு அச்சு வச்சிருக்கவங்க இன்னைக்கே துரு பாருங்க. எண்ணெய் தடவாதீங்க, வெள்ளைப் பாவு கறை ஆகும். மெல்லிய உப்புத்தாள்ல தேய்ச்சு, உலர்ந்த துணியால துடைச்சு, அப்புறம் இழை கோத்துக்கோங்க. மண்டபத்துல ஏர்கான் வேற, காய்ஞ்ச காத்துல பருத்தி வலு குறையும். ஓர இழை படபடன்னு அறும். ஏர்கான் காத்து படற இடத்துல தறி வைக்காதீங்க.

*மீனா ஜெலுத்தோங், 9:20*
திரங்கானுல இருந்து வர்ற சொங்கெட் (ஜரிகை போட்டு நெய்யற மலாய்த் துணி) அக்கா தறி கொண்டு வருவாங்களா?

*ரேவதி அக்கா, 9:24*
இல்ல, அது பெரிய மரச் சட்டம், அசைக்க முடியாது. துணி மட்டும் வரும். சொங்கெட் 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதுல இருந்து பார்க்கறவங்க அதிகம், எல்லாரும் தொட்டுப் பார்ப்பாங்க. ஜரிகை தனி ஊடையா மேல மிதக்குது, மோதிரம் பட்டா இழுத்துக்கும். அந்த மேசையில மோதிரம், வளையல் கழட்டணும். மடிக்கக் கூடாது, குழாய்ல சுத்தித்தான் வைக்கணும். சரவாக்ல இருந்து வர்றவங்க இடுப்புத் தறிக்காரங்க, இடுப்புல பட்டை கட்டிச் சாஞ்சுதான் பாவை இறுக்குவாங்க. அவங்களுக்கு ஒரு தூணும் ரெண்டு மீட்டர் தரையும் ஒதுக்கியிருக்கேன். அங்க நாற்காலி போடாதீங்க.

*ரேவதி அக்கா, 9:26*
மாதிரித் துணிக்கு 15 செ.மீ. சதுரம், ஓரம் ஜிக்ஜாக் தையல். சீட்டுல நூல் எண், அங்குலத்துக்கு இழை, துவைச்சப்புறம் அளவு மூணும் எழுதணும். துவைக்காத அளவு எழுதினா அடுத்தவங்க அதை நம்பி நெய்ஞ்சு ஏமாறுவாங்க.

*குமார் கே.எல், 9:31*
அண்ணே, 1-2-3-4 நேர்க்கோர்வைக்குச் சட்டத்துக்கு 48தானே?

*தேவன் அண்ணன் பட்டர்வொர்த், 9:32*
48தான். 50 போடு. எண்ணறதுல தப்பு வரும்.