ஃபிரான்சைஸ் எடுத்தவர்: கிளையா, முகவரா, குத்தகையரா?

அன்பின் கலைச்சொல் குழுவினருக்கு,

ஒரு நிறுவனத்தின் பெயரையும் செய்முறையையும் ஒப்பந்தப்படி எடுத்துத் தன் முதலில் கடை நடத்துபவர் ‘ஃபிரான்சைஸி’. அதற்குக் ‘கிளை முகவர்’ என்று எழுதும் வழக்கம் பரவி வருகிறது. இரண்டு பாதியும் தவறு. கிளை என்றால் தலைமையகத்தின் சொத்து, நட்டமும் அதன் தலையில்தான். முகவர், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 182-ஆம் பிரிவுப்படி, இன்னொருவருக்காகச் செயல்படுபவர். ஃபிரான்சைஸ் எடுத்தவரோ கடை அட்வான்ஸிலிருந்து அடுப்பு வரை தன் காசைப் போட்டவர். கடைப் பையன்கள் அவரைத்தான் ‘முதலாளி’ என்கிறார்கள். அவரை மண்டல மேலாளர் ‘நாளைக் காலைக்குள் முடிச்சிடுங்க’ என்று விரட்டினால் தலையாட்டுவார், செய்யமாட்டார்.

என் முன்மொழிவு: பெயருரிமை. கொடுப்பவர் பெயருடையார், எடுப்பவர் பெயருரிமையாளர்.

*

> எடுப்பவர் பெயருரிமையாளர்

ஐயா, இது இடிக்கிறது. வீட்டு உரிமையாளர் என்றால் வீடு அவருடையது. பெயருரிமையாளர் என்றால் பெயரே அவருடையது என்றல்லவா படிப்பார்கள்? ‘பெயரெடுத்தவர்’ என்றும் யோசித்தேன், அது புகழ்பெற்றவர் ஆகிவிடும் :-)

‘பெயர்க்குத்தகை’ என்று வைத்தால் என்ன? ஏரி மீன் குத்தகை, மாந்தோப்புக் குத்தகை எல்லாருக்கும் தெரியும். சொத்து ஒருவருடையது, முதலும் உழைப்பும் இன்னொருவருடையது, தவணை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எடுப்பவர் பெயர்க்குத்தகையர்.

ராயல்டிக்கு, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்காக எடுப்பவர் கொடுப்பவருக்குக் கட்டும் பங்குக்கு, ‘உரிமைத்தொகை’ வேண்டாம். 2023-க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் மகளிர் கணக்கில் விழும் ஆயிரம் ரூபாய்தான் நினைவுக்கு வரும். நம் நிலவுடைமை வழக்கில் மேல்வாரம், குடிவாரம் என்று இருக்கின்றனவே! மேல்வாரம் மொத்த விளைச்சலில் உடையவர் பங்கு, குடிவாரம் உழுபவர் பங்கு. ராயல்டியை மேல்வாரம் என்றே சொல்லலாம். ராயல்டியும் லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில்தான் பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. மேலாளர் விரட்டினாலும் அவர் தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விடும் தலைமைச் சிக்கலின் வேரே இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்கு போடுகிறேன்.

மாத விற்பனை 10 லட்சம். மேல்வாரம் 6% (60,000), விளம்பர நிதி 2% (20,000), சரக்கு 35% (3.5 லட்சம்), வாடகை, சம்பளம், கரண்ட் 4.6 லட்சம். கையில் நிற்பது 1,10,000. இப்போது ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று தலைமையகம் அறிவிக்கிறது. விற்பனை 11.5 லட்சமாக ஏறுகிறது. சரக்குச் செலவு 45%-க்குப் போய் 5,17,500. கூடுதல் ஆளுக்கு 15,000 சேர்த்து மற்ற செலவு 4.75 லட்சம். மேல்வாரமும் விளம்பரமும் 92,000. மிச்சம் 65,500. பெயருடையாருக்கு மேல்வாரத்தில் 9,000 கூடுகிறது, கடைக்காரருக்கு 44,500 குறைகிறது. ஒரே மாதம், ஒரே கடை. தலைமையகம் ‘சாதனை விற்பனை’ என்று கேக் வெட்டுகிறபோது அவர் ஏன் முகம் கொடுக்கவில்லை என்பது இப்போது புரியும்.

*

அம்மா, மேல்வாரம் அருமை. ‘பெயர்க்குத்தகை’யில் எனக்கு ஒரு தயக்கம்: பண்ணையார் வாடை. குத்தகைக்கு விட்டவர் அறுவடைக்கு மட்டும் வந்து நிற்பார். பெயருடையார் அப்படி இருக்க முடியாது. பயிற்சி, செய்முறைக் கையேடு, சரக்கு வரத்து எல்லாம் அவர் பொறுப்பு. போகட்டும், சொல் சட்டென்று விளங்குகிறது; ஏற்கலாம்.

தலைமைக்கும் ஒரு சொல் வேண்டும். சம்பளக்காரரை நடத்துவது ஆணைத்தலைமை என்றால், பெயர்க்குத்தகையரை அவர் சம்மதத்தோடு நடத்துவது இசைவுத்தலைமை.

*

> இசைவுத்தலைமை

எல்லாவற்றுக்கும் இசைவு கேட்டுக்கொண்டிருந்தால் சாம்பார் கடைக்கு ஒரு சுவையாகிவிடாதா?

*

ஆகாது. பெயர்ப்பலகை, செய்முறை, சுத்தம் ஆகியவற்றுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே இசைவு கொடுத்தாகிவிட்டது. அதில் பேரம் இல்லை. ஆள் எடுப்பது, சம்பளம், ஷிஃப்ட் ஆகியவை அவர் பாடு. அமெரிக்காவில் இதில் கைவைத்த பெயருடையார்களைக் ‘கூட்டு வேலையளிப்பவர்’, அதாவது கடை ஊழியர்களுக்கு நீங்களும் முதலாளிதான், என்று வழக்குக்கு இழுத்ததும் உண்டு. நடுவில் இருப்பவை தள்ளுபடி, புதுப்பண்டம், கடைப் புதுப்பிப்பு. இசைவுத்தலைமைக்கு வேலை இங்கேதான். முதலில் பெயருடையாரின் சொந்தக் கடைகளில் ஓட்டிப் பார்த்து, பிறகு மூன்று நான்கு குத்தகையர் கடைகளில் வைத்து, விற்பனையை அல்ல, கையில் நின்ற தொகையை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும்.

கடைகளைப் பார்வையிடத் தலைமையகம் அனுப்பும் கள அலுவலர் விஷயத்திலும் தவறு நடக்கிறது. மதிப்பெண் போட்டு அபராதம் எழுதுகிறவரும், கணக்கைப் பார்த்து யோசனை சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் எவரும் உண்மைக் கணக்கைத் திறக்க மாட்டார்கள். ஆய்வாளர் வேறு, துணைநிற்பவர் வேறு. இரண்டாமவர் கடைக்குள் நுழைந்ததும் தரையைப் பார்க்கக் கூடாது, போன மாதச் சரக்குச் செலவு எத்தனை சதவீதம் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இசைவு மேலிருந்து கீழ் மட்டும் போவதல்ல. மெக்டொனால்ட்ஸின் மீன் சாண்ட்விச் 1962-இல் சின்சினாட்டிக் குத்தகையர் ஒருவர் கண்டது. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கர்கள் அவர் கடைப்பக்கம் வரவில்லை என்பதால். பிக் மேக் 1967-இல் பென்சில்வேனியாக் குத்தகையருடையது.

*

சரி. பெயர்க்குத்தகை, பெயருடையார், பெயர்க்குத்தகையர், மேல்வாரம், இசைவுத்தலைமை ஐந்தையும் நம் சொற்பட்டியல் வரைவில் ஏற்றுகிறேன். ‘துணைநிற்பவர்’ சொல்லாக நிற்கவில்லை; ‘கடைத்துணைவர்’ என்றால் கல்யாணப் பத்திரிகை போல் இருக்கிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?